நீள உடம்பின் தீராப் பசி

உயிரியல் பூங்கா கட்டும் வீடியோ விளையாட்டுகளில் பெரும்பாலோர் யானையையும் சிங்கத்தையும் தேடித்தான் முதலில் போகிறார்கள். எனக்கு அந்த விளையாட்டுகளில் வேண்டியவை வேறு: வீசல், நீர்நாய், வளைக்கரடி, மார்ட்டன், ஃபெரட் என்று விரியும் மஸ்டெலிட் குடும்பம். கேம்பிரிட்ஜின் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட 'பிளானட் ஜூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் எவ்வளவு இடம், எத்தகைய தரை, எவ்வளவு செடிகொடி, என்ன வெப்பநிலை, எத்தனை துணைகள், என்ன தீனி, பொழுதுபோக்க என்ன பொருள் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு பிசகினால் விலங்கு வாடும், நோய்ப்படும். வேலி சரியில்லை என்றால் வெளியே வந்துவிடும். ராட்சத நீர்நாய், சின்னநக நீர்நாய், ஐரோப்பிய வளைக்கரடி, வுல்வரின் ஆகியவை கூடுதல் தொகுப்புகளில் அதற்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

என் ஆசை இந்த நான்கோடு அடங்காது. மஸ்டெலிட் குடும்பத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. முப்பது கிராம் எடையுள்ளதும் உண்டு, நாற்பது கிலோவைத் தாண்டுவதும் உண்டு. நம் ஊர்க் கீரி பார்வைக்கு வீசல் போலவே இருந்தாலும் இதில் சேராது. பூனைக்கும் கழுதைப்புலிக்கும்தான் அது நெருங்கிய உறவு. இரவில் ஓட்டுக்கூரையில் ஓடும் மரநாயும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே. நாற்றத்துக்குப் பேர்போன ஸ்கங்க்கை மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். மீதி இருப்பவற்றில் எதைச் சேர்த்தாலும் விளையாட்டின் கணக்கில் ஒரு புது விதி எழுத வேண்டியிருக்கும். அந்த விதிகளில் பல வெப்பத்தையும் பசியையும் பற்றியவை என்பதுதான் என்னை இந்தக் குடும்பத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது.

முதலில் வருவது சின்ன வீசல். உலகின் ஊனுண்ணிகள் வரிசையில் இதைவிடச் சிறியது கிடையாது. வட அமெரிக்காவிலும் சைபீரியாவிலும் வாழும் மிகச் சிறிய வீசல்கள் முப்பது கிராம் அளவுதான் இருக்கும். எலி ஓடும் வளைக்குள் தானும் ஓடிப் பிடிப்பது இதன் தொழில். அதற்காகவே உடம்பு நீண்டு, கால் குறுகி, தலை நுழைந்த துளைக்குள் மீதி உடம்பும் நுழையும்படி அமைந்திருக்கிறது. எலியின் வீட்டுக்குள்ளேயே புகுந்து வேட்டையாட முடிகிற விலங்குக்குப் பனிக்காலத்திலும் இரை கிடைக்கும். பனிக்கு அடியில் எலிகள் போட்ட சுரங்கங்களில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலை பெரிது. ஒரே மாவில் பிடித்த உருண்டைக் கொழுக்கட்டையையும் இடியாப்பத்தையும் அடுப்பிலிருந்து ஒன்றாக இறக்கி வையுங்கள். கொழுக்கட்டையின் உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும். இடியாப்பம் பரிமாறுவதற்குள் ஆறிவிடும். எடை ஒன்றாக இருந்தாலும் நீண்டு மெலிந்ததற்கு வெளிப்பரப்பு அதிகம், வெப்பம் வெளியேறும் வழியும் அதிகம். 1972இல் ஜேம்ஸ் பிரவுன், ராபர்ட் லாசியெவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். குளிரில் வைத்தபோது, சாதாரண உடல்வாகு கொண்ட அதே எடைப் பாலூட்டியைவிட வீசல் ஐம்பது முதல் நூறு சதவீதம் வரை கூடுதல் சக்தியைச் செலவழித்தது. மற்ற விலங்குகள் குளிரில் பந்து போலச் சுருண்டுகொள்ளும். வீசலுக்கு முழுதாகச் சுருள வராது. சுருண்டாலும் தட்டையாகத்தான் கிடக்கும். ரோமமும் குட்டை. அடர்த்தியான நீள ரோமத்தோடு எலி வளைக்குள் நுழைய முடியாதே.

ஆக, இழந்த வெப்பத்தை ஈடுகட்ட அது தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறைச்சி வேண்டும், அதுவும் ஒரே வேளையில் அல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை தின்று, தூங்கி, எழுந்து மறுபடியும் வேட்டைக்குக் கிளம்பும். கொழுப்பாகச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. வயிறு பெருத்தால் வளை அடைபட்டுவிடும். தின்றது போக மிஞ்சிய எலிகளைப் பதுக்கி வைக்கும். கொன்ற எலியின் வளையையே தனக்கு வீடாக்கி, அதன் ரோமத்தையே மெத்தையாக விரித்துக்கொள்ளும். தேவைக்கு மேல் கொல்கிறது என்று வீசலுக்கு இரத்தவெறிப் பட்டம் கட்டியிருக்கிறார்கள். நாளைய வெப்பத்துக்கான கணக்கு அது என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டில் வீசலுக்கு நாளுக்கு ஒருமுறை வந்து தட்டு வைத்துப் போகும் பராமரிப்பாளர் போதாது. தீனியைப் பத்து இடங்களில் ஒளித்து வைக்கவும், அதைத் தேடிப்போகும் சுரங்கங்களைத் தோண்டவும் வழி வேண்டும்.

கடல் நீர்நாயிடம் இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போகிறது. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கடியில் கனத்த கொழுப்புப் படலம் இருக்கிறது. கடல் நீர்நாய்க்கு அது கிடையாது. வடபசிபிக்கின் குளிர்ந்த நீரில் அதைக் காப்பாற்றுவது ரோமம் மட்டுமே: ஒரு சதுர செண்டிமீட்டரில் ஒன்றரை லட்சம் வரை மயிர்கள், விலங்குலகிலேயே மிக அடர்த்தியானது. மனிதத் தலை முழுவதிலும் இருக்கும் முடியே ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த மயிர்களுக்கிடையே சிக்கிய காற்றுதான் உண்மையான போர்வை. காற்று நிற்க வேண்டுமானால் ரோமம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே நாளில் பல மணி நேரம் அது தன்னைத் தேய்த்து, நக்கி, ஊதிக்கொண்டிருக்கும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது கடல் நீர்நாய்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததற்கு முதற்காரணம் இதுதான். எண்ணெய் படிந்த ரோமத்தில் காற்று நிற்காது. குளிர் நேரே தோலைத் தொட்டுவிடும்.

போர்வை அவ்வளவு இருந்தும் அடுப்பு ஓயாமல் எரிய வேண்டியிருக்கிறது. அதே அளவுள்ள பாலூட்டியிடம் எதிர்பார்ப்பதைப் போல மூன்று மடங்கு சக்தியை, சும்மா மிதந்து கிடக்கும்போதே கடல் நீர்நாய் செலவழிக்கிறது. அந்தக் கூடுதல் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதன் தசைகளில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் வேண்டுமென்றே கசிகின்றன. உணவிலிருந்து எடுத்த சக்தியை வேலைக்குப் பயன்படுத்தாமல் வெப்பமாகவே விட்டுவிடுகின்றன. நீந்தப் பழகாத குட்டியின் தசையும் இதையே செய்கிறது. இந்த அடுப்புக்கு விறகாக நாளுக்கு உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு உணவு போக வேண்டும். முப்பது கிலோ நீர்நாய் என்றால் ஏழு, எட்டு கிலோ நண்டு, சிப்பி, கடல் முள்ளெலி. பாலூட்டும் தாய்க்கு, குட்டி வளர வளர, தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. குட்டியைப் பிரியும் நேரத்தில் பல தாய்கள் எலும்பும் தோலுமாகித்தான் நிற்கின்றன.

இந்தப் பசி ஒரு காட்டையே நிறுத்தி வைக்கிறது என்பதுதான் எனக்கு இதில் தீராத வியப்பு. 1742இல் கடலோடி பெரிங்கின் பயணக் குழு தோல்களோடு திரும்பியது முதல் ரோம வணிகம் தொடங்கி, 1911இல் பன்னாட்டு உடன்படிக்கை வருவதற்குள் உலகில் இரண்டாயிரத்துக்கும் குறைவான கடல் நீர்நாய்களே மிஞ்சின. பிறகு அலூஷியன் தீவுகளில் சில இடங்களில் அவை மீண்டன. சில இடங்களில் மீளவில்லை. ஜேம்ஸ் எஸ்டஸ், ஜான் பால்மிசானோ இருவரும் இந்த இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டு 1974இல் எழுதினார்கள். நீர்நாய் இருந்த தீவுகளின் கடலடியில் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசி காடாக நின்றது. இல்லாத தீவுகளில் கடல் முள்ளெலிகள் பாசியை வேரோடு மேய்ந்து, தரை வெறும் பாறையாகக் கிடந்தது. விளையாட்டுகளில் செடியை நாம் நடுகிறோம், விலங்கு அதை அழகு பார்க்கிறது அல்லது மிதிக்கிறது. கடல் நீர்நாயின் குளத்தில் மட்டும் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும். கடல் முள்ளெலிகளை உள்ளே விட்டால், நீர்நாய் நன்றாகத் தின்னும்வரை பாசி வளரும். அதற்கு உடம்பு முடியாமல் போனால் குளம் மொட்டையாகும்.

சின்னநக நீர்நாய் 'பிளானட் ஜூ'வில் ஏற்கெனவே இருக்கிறது. நீர்நாய்களில் மிகச் சிறியது இது. மூன்று, நான்கு கிலோதான். நகம் விரல் நுனியைத் தாண்டாததால், கலங்கிய நீரிலும் கல்லிடுக்கிலும் விரலால் துழாவி நண்டைப் பிடிக்கும். வால்பாறைப் பக்கத்தின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளிலும் இது வாழ்கிறது. பாறைமேல் நண்டு ஓட்டுத் துண்டுகள் நிறைந்த எச்சம் கிடந்தால் அது வந்துபோன அடையாளம். கூழாங்கல்லை மல்லாந்து படுத்துக் கைமாற்றி விளையாடும் காட்சிக்காகவே இதை இணையத்தில் கொண்டாடுகிறார்கள். 2020இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தபோது, அந்தக் கல் விளையாட்டு பசி நேரத்தில் கூடுவது தெரிந்தது. அப்படி விளையாடுவதால் உணவை உடைத்தெடுக்கும் திறமை கூடியதாகவும் தெரியவில்லை. பார்வையாளர் கைதட்டும் வேடிக்கை, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் விலங்கின் தவிப்பாகவும் இருக்கலாம். உண்மையான பூங்காக்களில் இந்த இனத்துக்குச் சிறுநீரகக் கல் பெருந்தொல்லையாக இருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு வைக்கும் தீனி பெரிய ஆராய்ச்சியாகவே ஆகியிருக்கிறது. அழகாகச் செல்லம் கொஞ்சும் அந்த முகத்தை நம்பி வீட்டில் வளர்க்க வாங்குபவர்கள் பெருகியதால், 2019இல் இதன் பன்னாட்டு வணிகமே தடை செய்யப்பட்டது. விளையாட்டை உருவாக்குபவர்கள் இந்த முகத்தின் கவர்ச்சியைக் காட்டும் அளவுக்கு அதன் பசியையும் காட்டினால் நல்லது.

வுல்வரின் பனியை நம்பிப் பிழைக்கும் விலங்கு. இங்கே விதி கொஞ்சம் மாறுகிறது: உடம்பு குட்டையும் கனமுமாக, ரோமம் அடர்ந்து, குளிரைத் தாங்கும்படி இருக்கிறது, பஞ்சம் உணவில்தான். ஆகவே அது நடக்கும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ரேடியோக் கருவி பொருத்திய எம்3 என்ற ஆண் வுல்வரின், குளிர்காலத்தில் கிளீவ்லாண்ட் மலையின் கடைசி 1,500 மீட்டர் உயரத்தை ஒன்றரை மணி நேரத்தில் ஏறிச் சிகரத்தைத் தாண்டியது. செத்த மான் கிடைத்தால் துண்டு துண்டாக்கிப் பாறையிடுக்கிலும் பனியிலும் புதைத்து வைக்கும். உறைந்த இறைச்சி பூச்சியும் பாக்டீரியாவும் அண்டாமல் வாரக்கணக்கில் கிடக்கும். உறைந்த எலும்பை நொறுக்க மேல்தாடைக் கடைவாய்ப் பல் உட்புறமாகத் திரும்பியிருக்கிறது. தாய் ஆழப் பனிக்குள் குடைந்து குட்டி போடும்; வசந்தத்தின் கடைசி வரை பனி உருகாமல் நிற்கும் மலைகள்தான் அதற்குப் பிள்ளைப்பேற்று அறை. 2023இல் அமெரிக்கா இதை அழிவின் விளிம்புக்கு நகரும் இனமாக அறிவித்ததற்குக் காரணம் அந்தப் பனி குறைந்து வருவதே. விளையாட்டில் குளிரூட்டும் கருவி வைத்து வெப்பநிலையை இறக்கினால் போதாது. புதைப்பதற்குப் பனி கனமாக விழ வேண்டும்.

வீசலின் பெரிய உறவான ஸ்டோட்டை நான் கேட்பது ஒரே ஒரு விந்தைக்காக. பெண் குட்டி கண் திறப்பதற்கு முன்பே, கூட்டில் கிடக்கும் சில வார வயதில், தாயைத் தேடி வரும் ஆண் அதனோடும் சேர்ந்துவிடும். கருவுற்ற முட்டை சிறு உருண்டையாக வளர்ந்து அப்படியே நின்றுவிடும். ஒன்பது, பத்து மாதம் கருப்பையில் ஒட்டாமல் காத்திருக்கும். அடுத்த வசந்தத்தில் பகல் நீளும்போது அது கருப்பையில் பதிந்து, நான்கு வாரத்தில் குட்டிகள் பிறக்கும். ஆக, கூட்டை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு பெண் ஸ்டோட்டும் ஏற்கெனவே சூல்கொண்டதாகத்தான் கிளம்புகிறது. முயலை ஒழிக்க 1880களில் நியூசிலாந்துக்கு ஸ்டோட்டைக் கொண்டுவந்தபோது இதன் வீரியம் தெரியவில்லை. ஒரு தீவுக்கு ஒரே ஒரு பெண் நீந்திக் கரையேறினாலும் அங்கே கூட்டம் உருவாகிவிடும். தரையோடு வாழும் கிவிக் குஞ்சுகள் அந்தப் பசிக்கு இன்றுவரை பலியாகின்றன.

வேலியைப் பற்றிப் பேசினால் தேன்வளைக்கரடியை விட முடியாது. கலஹாரியில் கொலீன் பெக், கீத் பெக் இணையர் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில், ஓர் ஆண் ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் சுற்றி வருவது தெரிந்தது. தேள், பாம்பு, கிழங்கு, தேன்கூட்டுப் புழு என்று அகப்பட்டதெல்லாம் உணவு. நல்லபாம்பு கடித்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பாம்பின் நரம்பு நஞ்சு நம் தசையில் போய் ஒட்டும் ஏற்பியை அதன் மரபணு சற்று மாற்றி அமைத்திருக்கிறது. நஞ்சுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. முள்ளெலியிலும் பன்றியிலும் இதே மாற்றம் தனித்தனியாகத் தோன்றியிருப்பதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. தோலோ உடம்புக்கு ஒரு அளவு பெரிதாகத் தொளதொளவென்று கிடக்கும். எதிரி பிடரியைக் கவ்வினாலும் உள்ளுக்குள்ளேயே திரும்பி அவன் முகத்தைக் கடிக்கும்.

தென்னாப்பிரிக்காவின் மொஹொலோஹொலோ மறுவாழ்வு மையத்தில் ஸ்டாஃபல் என்ற ஆண் வாழ்ந்தது. பிபிசி படம் ஒன்றின் மூலம் 2014இல் உலகப் புகழ் பெற்றது. கதவில் தாழ்ப்பாள் போட்டார்கள். துணையாக விட்ட பெண்ணோடு சேர்ந்து அதைத் திறந்தது. மையத்தை நடத்திவந்த பிரையன் ஜோன்ஸ் கான்கிரீட் சுவர் எழுப்பினார். மண்ணுக்குள் இருந்த கற்களைத் தோண்டியெடுத்துச் சுவரோரம் அடுக்கி ஏறியது. கற்களை அகற்றினார்கள், தோட்டக்காரர் விட்டுப்போன வாருகோலை இழுத்துச் சாய்த்தது. டயரை நிறுத்தி வைத்தது. ஒன்றும் கிடைக்காதபோது ஈர மண்ணை உருட்டி உருட்டி அடுக்கியது. விளையாட்டில் வேலிக்கு உயரம், வலு, ஏற முடியாத வழவழப்பு என்று அளவுகள் உண்டு. ஸ்டாஃபலுக்கு அந்த அளவெல்லாம் ஒரு பொருட்டல்ல. அடைப்புக்குள் நாம் அன்போடு வைக்கும் ஒவ்வொரு விளையாட்டுப் பொருளும் அதற்கு ஏணிப்படி. தன் கூண்டில் உள்ள பொருள்களை விலங்கு தன் காரியத்துக்குப் பயன்படுத்தும் ஒரு நாள் வந்தால், அந்த விளையாட்டை உண்மையாகவே வாழும் உலகம் என்று ஒப்புக்கொள்வேன்.

நீலகிரி மார்ட்டனையும் கேட்கிறேன். தென்னிந்தியாவில் வாழும் ஒரே மார்ட்டன் இது; மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. முதுகு கரும்பழுப்பு, தொண்டையும் மார்பும் பளீரென்ற மஞ்சள். முக்கூர்த்தி, மேல்பவானி, எரவிகுளம் பக்கத்துச் சோலைகளில் பகலில் நடமாடும். மரக்கிளையிலும் தரையிலும் ஒரே வேகம். சருகுமானையும் உடும்பையும் பிடித்ததைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்குத் தரைப்பரப்பைவிட உயரம் முக்கியம். கிளையோடு கிளை பின்னிய சோலை விதானம் இல்லாமல் கட்டவே கூடாது.

கருங்கால் ஃபெரட்டைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் இந்த விளையாட்டுகளில் ஏற்கெனவே இருக்கும் ஒரு விதி இதற்கென்றே எழுதியது போலிருக்கிறது. 'பிளானட் ஜூ'வில் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்தால் சந்ததியின் ஆயுளும் நோய் எதிர்ப்பும் குறையும். அமெரிக்கப் புல்வெளியின் இந்த ஃபெரட் முழுக்க முழுக்கப் பிரெய்ரி நாய் என்னும் வளைவாழ் கொறிணியை நம்பியது. ஓர் ஃபெரட்டுக்கு ஆண்டுக்கு நூறு பிரெய்ரி நாய்கள் வேண்டும். விவசாயிகள் அவற்றை நஞ்சு வைத்து ஒழித்தபோது ஃபெரட்டும் போனது. 1979இல் இனமே அழிந்துவிட்டதாக முடிவு செய்தார்கள். 1981 செப்டம்பரில் வயோமிங்கின் மீட்டீட்சி ஊருக்கருகே ஷெப் என்ற பண்ணை நாய் செத்த விலங்கு ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டது. அதைத் தொடர்ந்து தேடியபோது ஒரு கூட்டம் கிடைத்தது. நோய் வந்து அதுவும் சரிய, 1987க்குள் மிஞ்சிய பதினெட்டையும் பிடித்து வந்தார்கள். அவற்றில் ஏழின் வாரிசுகளே இன்று வாழும் ஃபெரட்டுகள், ஒரு விலக்கோடு. 1988இல் உறையவைத்த வில்லா என்ற பெண்ணின் திசுவிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் குளோனிங் முறையில் பிறந்தது. வில்லாவின் இரத்தம் அந்த ஏழில் கலக்காதது. அதே திசுவிலிருந்து பிறந்த இன்னொரு குளோனான அன்டோனியா 2024இல் குட்டி ஈன்றது.

'பிளானட் ஜூ'வில் விலங்கைக் காட்டுக்கு அனுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பாதுகாப்புப் புள்ளிகள் கணக்கில் ஏறும். கொலராடோவின் கார் என்ற ஊரில் உள்ள தேசிய கருங்கால் ஃபெரட் பாதுகாப்பு மையத்தில் வேலை அத்தனை சுலபமாக முடிவதில்லை. கூண்டில் பிறந்த குட்டியை வளைகள் உள்ள திறந்த அடைப்பில் குறைந்தது முப்பது நாள் விடுகிறார்கள். உயிருள்ள பிரெய்ரி நாயைத் தானே கொல்லக் கற்கிறதா என்று பார்க்கிறார்கள். பிளேக் நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். விளையாட்டிலும் அந்த முப்பது நாளும் கழிந்து, ஃபெரட் தன் முதல் இரையைத் தானே பிடித்த பிறகு மட்டும் அந்தப் பொத்தான் திறக்கட்டும்.